கதைக்கும் வினை

இத்தாலிய மொழியின் வினைச்சொல் அட்டவணைக்கும் மாத்தளைக்கும் என்ன தொடர்பு என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். இன்று இலட்சம் பேருக்கு மேற்பட்ட இலங்கையர் இத்தாலியில் வாழ்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் நீர்கொழும்பு, வென்னப்புவை, சிலாபம் முதலிய கரையோர ஊர்களைச் சேர்ந்த சிங்கள மக்கள். எனினும் தமிழரும் உளர்; சிறப்பாகச் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அவர்கள் ஒரு சமூகமாகவே வேரூன்றியிருக்கின்றனர். நம் மலைநாட்டு ஊர்களிலிருந்தும் இப்பொழுது சிலர் புறப்படுகின்றனர். பழைய மாணவி ஒருத்தி இலக்கண நூலொன்றைக் கையிலேந்தி நம்மிடம் வந்தாள். "சேர், ஒரு சொல்லுக்கே இத்தனை வடிவம் இருந்தால் எப்படிப் பாடமாக்குவது?" என்பது அவளது கேள்வி. அவளுக்குச் சொன்னதை அவளைப் போன்ற பிறருக்கும் பயன்படும் என்று கருதி இவ்வாரம் எழுதுகின்றோம்.

இது பொழுதுபோக்கான கேள்வியன்று. அந்நாட்டில் நீண்டகால வதிவிட அனுமதி கோருவோர் 2010 டிசம்பர் முதல் ஏ-2 என்னும் படித்தரத்தில் மொழியறிவைக் காட்ட வேண்டியவராயினர். குடியுரிமை கோருவோர்க்கு அதனினும் உயர்ந்த பி-1 தரம் வேண்டும் என்று 2018 டிசம்பரில் வந்த சட்டம் விதித்தது. ஆகவே, வினைச்சொல்லின் விகுதி தவறினால் ஒரு குடும்பத்தின் காரியமே தாமதப்படலாம்.

இலக்கண நூல்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் சொல் 'பார்லாரே' என்பது. பேசுதல் என்று பொருள் எழுதுவர். நாம் கதைத்தல் என்றே எழுதுவோம், காரணம் உண்டு. பிற்கால இலத்தீனில் 'பரபொலாரே' என்றொரு வினை வழங்கியது. 'பரபோலா' என்றால் உவமைக் கதை. கதை சொல்லுதலைக் குறித்த அவ்வினையே தேய்ந்து, வெறுமனே பேசுதலைக் குறிக்கும் 'பார்லாரே' ஆயிற்று. யாழ்ப்பாணத்தார் "என்னோடு கதையுங்கோ" என்னும்போது அதே வழியிற் சென்ற சொல்லையே ஆளுகின்றனர். தமிழகத்து நண்பர்கள் கேட்டு நகைக்கும் இவ்வழக்கை உரோமாபுரியின் மக்கள் என்றோ கைக்கொண்டுவிட்டனர். தோட்டப்புறத்தில் 'பேசு' என்பதே வழக்கு. ஆனால் இலங்கையின் வேறு பல இடங்களில் "அம்மா பேசினா" என்றால் அம்மா ஏசினார் என்று பொருள்படும். மாத்தளையில் இரு வழக்கும் கலந்து புழங்குவதால், இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இனி நிகழ்காலம். பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. முறையே நான் கதைக்கிறேன், நீ கதைக்கிறாய், அவன் அல்லது அவள் கதைக்கின்றார், நாம், நீங்கள், அவர்கள் என்று கொள்க. நன்னூல் படித்தவனுக்கு இது அந்நியமன்று. பகுதி 'பார்ல்', ஓகாரமும் இகரமும் விகுதிகள். எழுவாயைச் சொல்லாமலே விகுதி ஆளைக் காட்டிவிடுவதால், தமிழிற்போலவே அங்கும் 'நான்' என்று வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவதே இயல்பு. ஆங்கிலத்தின் வழியே இத்தாலியத்தைக் கற்பவர் இவ்விடத்தில் திணறுவர். தமிழின் வழியே கற்பவருக்கு அத்திணறல் வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க: இவ்விகுதி பாலைக் காட்டாது, ஆணும் பெண்ணும் 'பார்லா'வே.

இறந்தகாலத்திற்றான் சிக்கல் தொடங்குகின்றது. தமிழில் 'கதைத்தேன்' என்னும் ஒன்று செய்யும் வேலையை அங்கே மூன்று வடிவங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 'பார்லாவோ' என்றால் கதைத்துக்கொண்டிருந்தேன், அல்லது கதைப்பது வழக்கமாயிருந்தது. 'ஓ பார்லாத்தோ' என்பது உடைமையைக் குறிக்கும் துணைவினையோடு கூடியது. நம் 'கதைத்திருக்கிறேன்' என்பதற்கு அண்மையானது. மூன்றாவது 'பார்லாய்', முற்றும் கடந்துபோன காலத்தது. ஆய் விகுதியைக் கேட்ட தமிழ்ச் செவி 'நீ கதைத்தாய்' என்று மயங்கும். உண்மையில் அது தன்மை ஒருமை. மற்றொரு பொறியும் உண்டு. 'பார்லோ' என்பதில் முதலசையை அழுத்திச் சொன்னால் நான் கதைக்கிறேன். ஈற்றசையை அழுத்தினால் அவன் கதைத்தான். எழுத்திலே தலைமேல் ஒரு சிறு கோடு, அவ்வளவே. காலமும் இடமும் ஒருங்கே மாறிவிடுகின்றன!

இம்மூன்றனுள் எதை எங்கே ஆளுவது என்பது ஊரைப் பொறுத்தது. மிலானோ முதலிய வடபுலத்து நகரங்களில் அன்றாடப் பேச்சில் 'பார்லாய்' அருகிவிட்டது. எல்லாவற்றுக்கும் 'ஓ பார்லாத்தோ'தான். சிசிலியிலோ இன்று காலை நடந்ததையும் 'பார்லாய்' என்றே சொல்லக் கேட்கலாம். எனவே பலெர்மோவில் வளரும் நம் பிள்ளையின் இத்தாலியமும் மிலானோவில் வளரும் சித்தி மகனின் இத்தாலியமும் ஒன்றாய் இரா. இருவரும் தத்தம் ஊர் வழக்கையே பேசுகின்றனர். வீண் சச்சரவு வேண்டாம்.

துணைவினையைப் பற்றி இன்னொன்று. 'அர்ரிவாரே', அதாவது வந்துசேர்தல், என்னும் வினை உடைமைத் துணைவினையை ஏலாது. 'இரு' என்பதற்கு நேரான துணைவினையையே ஏற்கும். அப்பொழுது எச்சம் பாலைக் காட்டும். ஆண்மகன் 'சோனோ அர்ரிவாத்தோ' என்பான். பெண் 'சோனோ அர்ரிவாத்தா' என்பாள். தமிழில் 'வந்துசேர்ந்தேன்' என்பது ஆணா பெண்ணா என்று சொல்லுவதில்லை. படர்க்கையில் நாம் பால் காட்டுகின்றோம், தன்மையில் மறைக்கின்றோம். அவர்களோ இவ்விடத்தில் தன்மையிலும் காட்டுகின்றனர்.

எதிர்காலம்: பார்லெரோ, பார்லெராய், பார்லெரா, பார்லெரேமோ, பார்லெரேத்தே, பார்லெரான்னோ. இங்கே முன்னிலைக்கு ஆய், தன்மைப் பன்மைக்கு ஏம் என்று நம் விகுதிகளே வந்து நிற்பதுபோல் தோன்றும். இதைக் கண்டவுடன் இத்தாலியம் தமிழிலிருந்து பிறந்தது என்று நூல் எழுதப் புறப்படுவோர் நம்மிடையே உளர். அவர்கள் சற்றுப் பொறுப்பாராக. 'பார்லாரே' என்னும் வினையோடு 'உடையேன்' என்னும் வினை ஒட்டி உருவானதே இவ்வெதிர்காலம். ஒற்றுமை தற்செயலானது, மனனம் செய்வதற்கு மட்டும் உதவும்.

நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது மரியாதையைப் பற்றி. தமிழில் ஒருவரை மதிக்கப் பன்மையை ஆளுகின்றோம். இத்தாலியத்தில் 'அவள்' என்று பொருள்படும் 'லேயி' என்னும் படர்க்கைப் பெயரால், ஆடவரையும் அவ்வாறே அழைத்து, படர்க்கை ஒருமை வினையைச் சேர்ப்பது பொதுவழக்கு. பன்மையான 'வோயி' மரியாதைச் சொல்லாய்த் தென்னாட்டுப் பகுதிகளில் இன்னும் வாழ்கின்றது. முசோலினியின் அரசு 1938-இல் 'லேயி'யை ஒழித்து 'வோயி'யைப் புகுத்த முற்பட்டது. அவ்வரசு வீழ்ந்தபின் 'லேயி' மீண்டும் நிலைபெற்றது.

ஏவலிலும் இதே கவனம் வேண்டும். எண்பது வயது மூதாட்டியைப் பராமரிக்கச் செல்லும் பெண் 'பார்லா' என்றால் அது 'கதையடி' என்பது போன்றது; நெருங்கியவரிடமும் சிறுவரிடமும் மட்டுமே செல்லும். 'பார்லி' என்றாற்றான் 'கதையுங்கள்' ஆகும். இந்தப் 'பார்லி' ஏவல் வடிவமே அன்று. 'கொஞ்ஜுந்தீவோ' என்னும் வேறொரு வினைப்பாங்கைச் சேர்ந்தது. அதில் நான், நீ, அவன் என்னும் மூவிடத்து ஒருமைக்கும் 'பார்லி' ஒன்றே வடிவம். நம் வியங்கோள் நினைவுக்கு வருகின்றதன்றோ? 'வருக', 'அமர்க' என்பவை இடங்கள் அனைத்துக்கும் பொதுவாய் நின்று, கட்டளையின் கூர்மையை மழுக்கி மரியாதையாக்குகின்றன. மதிக்கத்தக்கவரை நேரே ஏவாமல் விருப்பமாய்ச் சொல்லும் பண்பு இரு மொழிக்கும் உரியது. எதிர்மறை ஏவலிலோ வேறு விதி: 'கதைக்காதே' என்பதற்கு 'நோன் பார்லாரே' என்று அட்டவணைத் தலைப்பில் நிற்கும் வடிவையே ஆளுவர்.

இதே வினைப்பாங்கு 'என்று நினைக்கிறேன்' போன்ற தொடர்களிலும் வரும். நமக்கு 'என்று' என்னும் இடைச்சொல் போதும். அங்கே வினையே உருமாறும். நிபந்தனைக்கும் அப்படியே. 'கதைத்தால்' என்னும் எச்சம் தமிழில் எவர்க்கும் பொது. இத்தாலியத்தில் 'பார்லாஸ்ஸி' என்று ஆளுக்கேற்ப விகுதி பெறும். அதனை முடிக்கும் வினை 'பார்லெரேய்' என்பது போன்ற வேறொரு பாங்கு. அதிற் பன்மை 'பார்லெரெம்மோ'. எதிர்காலத்துப் 'பார்லெரேமோ'வினின்றும் மகர இரட்டிப்பால் வேறுபடும். 'அமை'யையும் 'அம்மை'யையும் பிரித்தறியும் நம் செவிக்கு இது எளிது.

முன்னூறு ஆண்டுகளுக்குமுன் இவ்வழியை எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. 1680-இல் வட இத்தாலியின் கஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த கொன்ஸ்தான்சு பெஸ்கி, 1710-இல் இந்தியா வந்து வீரமாமுனிவரானார். அவர் 1728-இல் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், பத்தாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் அச்சேறியது. எழுதாக் கிளவியாகிய பேச்சுத்தமிழின் வினைகளை விகுதி விகுதியாய் அடுக்கிப் பிற குருமார்க்குக் கற்பித்த நூல் அது. மக்களோடு கதைக்க வேண்டியவனுக்குச் செந்தமிழ் மட்டும் போதாது என்று அவர் கண்டிருந்தார்.

அட்டவணையைக் கண்ணாற் கற்பதினும் வாயாற் கற்பது மேல். நம் ஊரையடுத்த அலுவிகாரையில் பௌத்தரின் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது கி.மு. முதலாம் நூற்றாண்டில் என்பர். அதுவரை அத்தனையும் வாய்ப்பாடமாகவே நின்றது. ஒரு வினையின் ஆறு விகுதிகள் எம்மாத்திரம்? வினைப்பாங்கு ஏழு, காலம் இருபத்தொன்று என்று நூல்கள் எண்ணிக் காட்டுவது உண்மையே. முதலில் நிகழ்காலம், அடுத்து 'ஓ பார்லாத்தோ', பின்பு மரியாதைப் 'பார்லி', அதன்பின் 'பார்லாவோ'வும் எதிர்காலமும். 'பார்லெரேய்' நான்காம் மாதத்தில் வரட்டும். 'தராபஸ்ஸாத்தோ ரெமோத்தோ' என்று ஒரு காலம் பட்டியலில் இருக்கும். பேச்சில் அதை இத்தாலியரே கைவிட்டுவிட்டனர், நாமும் விட்டுவிடலாம்.