மனசாட்சியை விடுங்கள், பத்திரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் வெள்ளையருக்குள்ள சலுகை பற்றிப் பேச்சு எழுந்தால், அது சீக்கிரமே மனசாட்சி விசாரணையாகிவிடுகிறது. ‘நான் யாரையும் இழிவாக நடத்தியதில்லையே, எனக்கென்ன சலுகை?’ என்று ஒருவர் கேட்கிறார். அவர் மனத்தில் ஒளிந்திருக்கும் பாகுபாட்டைத் தோண்ட இன்னொருவர் கிளம்புகிறார். கூச்சல் ஓய்ந்த பின் எதுவும் மாறியிருப்பதில்லை. அந்தச் சலுகையைத் தேட வேண்டிய இடம் வீட்டுப் பத்திரமும் வங்கிக் கடன் கோப்பும்தான்.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரவாரியாக வண்ணம் பூசி வரைபடம் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் கடைசித் தரமான சிவப்பில் அடங்கின. 1934இல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அத்தகைய இடங்களில் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. அரசே கைவிட்ட தெருவுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? நியூயார்க் அருகே 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், போரிலிருந்து திரும்பிய வீரர்களை மனத்தில் வைத்து, 17,000க்கும் அதிகமான வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளையரல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்றது ஆரம்பகால ஒப்பந்தம். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. பாத்திரம் கழுவ வரலாம், குடிவரக் கூடாது. (இதை நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கறுப்பினத்தவருக்கு விற்க மறுப்பது தொடர்ந்தது. அன்று சுமார் 8,000 டாலருக்குப் போன அந்த வீடுகளின் விலை இன்று பல லட்சம் டாலர். இப்படி ஏறிய விலைதான் பல குடும்பங்களில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் பேரனின் வீட்டுக்கு முன்பணமாகவும் மாறியது.

‘வீட்டுப் பாகுபாட்டை 1968இலேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டதே’ என்பார்கள். அந்தச் சட்டம் இனிமேல் மறுக்கக் கூடாது என்றது. மறுத்ததைத் திருப்பித் தரவில்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். வருமானத்தில் இவ்வளவு இடைவெளி இல்லை. ஆக, ‘உழைத்துச் சம்பாதிக்கட்டும்’ என்ற அறிவுரை இந்தக் கணக்கைத் தீர்க்காது.

ஏழை வெள்ளையர் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. மேற்கு வர்ஜீனியாவில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியிடம் போய், ‘நீ சலுகை பெற்றவன்’ என்பது ஆணவம், அரசியல் ரீதியாகவும் முட்டாள்தனம். அவருடைய வறுமைக்கு வேறு பல காரணங்கள் உண்டு, தோலின் நிறம் அதில் ஒன்றல்ல என்பதே இங்கே சொல்லக்கூடியது. ‘வெறுங்கையோடு வந்த இந்தியர் முன்னேறவில்லையா?’ என்று நம்மவர் கேட்பதில் அந்த நியாயமும் இல்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்த நாடு அது. சிவில் உரிமைப் போராட்டங்களில் கறுப்பினத்தவர் ரத்தம் சிந்திய காலத்தில் வந்த 1965 குடியேற்றச் சட்டம்தான் கதவை அகலத் திறந்தது. அதன் வழியே தொடக்கத்தில் உள்ளே போன இந்தியரில் பெரும்பகுதி மருத்துவர்கள், பொறியாளர்கள் போன்ற, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்.

‘தாத்தா காலத்துத் தவறுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்பது கடைசி ஆட்சேபம். தவறு செய்தது அரசு, அரசு சாகவில்லை. தாத்தா காலத்தில் போட்ட ஒப்பந்தங்களை அது இன்றும் மதிக்கிறதே! இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919 முதல் 1969 வரை அங்கு வீட்டுப் பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும், கஞ்சா விற்பனை வரியிலிருந்து, வீட்டுக்கென்று தலா 25,000 டாலர் தர 2021இல் முடிவெடுத்தது. தொகை போதாதுதான். ஆனாலும் ஊழியர்களுக்கு மனமாற்றப் பயிற்சி வகுப்பு நடத்திக் கொண்டிருக்கும் மற்ற நகரங்கள், அந்தச் செலவை இப்படித் திருப்பிவிடலாம்.