மேட்டுப்பாத்திக்குக் கல்லே மலிவு

சாரங்கபாணியின் பதங்களை நாடிக் கார்வேட்டிநகரம் செல்வோர், வேணுகோபாலசாமி கோயிலோடு ஸ்கந்த புஷ்கரணியையும் பார்த்துவிட்டே திரும்புவர். சென்ற முறை அக்குளத்தின் கற்படிகளில் அமர்ந்திருந்தபோது என் எண்ணம் பதங்களை விட்டுக் காய்கறிப் பாத்திக்குத் தாவியது. ஈரத்தையும் மண்ணின் அழுத்தத்தையும் தலைமுறைகளாகத் தாங்கும் பொருள் கண்முன்னே இருக்க, நம் நண்பர்கள் நெகிழி வளர்ப்புப் பைகளை 'மலிவு' என்று வாங்கிக் குவிக்கிறார்கள்.

ஒரு பொருளின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். நெகிழிப் பை வெயிலில் நொறுங்கும். நொறுங்கிய துகள் நாம் உண்ணும் கீரையின் மண்ணிலேயே தங்கும். மூங்கிலும் சவுக்கும் ஈரமண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகளில் கறையானுக்கு இரையாகும். கறையானுக்கு அஞ்சாத செம்மரம் இம்மாவட்டத்துக் காடுகளில் உண்டு. ஆனால் அது அருகிவரும் இனம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பழைய ரயில் கட்டைகளில் ஊறிய கிரியோசோட்டும், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் இழைகளும் உணவுப் பயிரின் அருகே வரலாகாதவை. இலவசமாகக் கிடைத்தாலும் அவை விலை மிகுந்தவையே.

எஞ்சுவது கடப்பைக் கல். நம் சமையலறை அலமாரிகள் அறிந்த அதே பலகைதான். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்திக்குச் சுற்றளவு 24 அடி. தரைக்கு மேல் 1 அடி, மண்ணுக்குள் அரை அடி என நிறுத்தினால் 36 சதுர அடிப் பலகை போதும். மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து 2 அடி உயர்த்துவோர் 60 சதுர அடிக்குச் செலவிடுகிறார்கள். மழை குறைந்த இப்பகுதியில் உயரம் கூடக்கூடப் பாத்தி விரைந்து காயும் என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை. அடிப்பகுதியைத் திறந்தே விட்டால் வேர் கீழ்மண்ணின் ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல்வகை. காரத்தன்மை மிகுந்த மண்ணுள்ளோர் கிரானைட்டை நாடலாம். சித்தூர் மாவட்டத்துக் கிரானைட் பட்டறைகளில் அறுத்து ஒதுக்கிய ஓரத்துண்டுகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அளவு ஒழுங்காக இராது. கத்தரிச்செடிக்கு அதனால் குறையில்லை.

வாடகை வீட்டினர் கல்லை எங்கே சுமப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிமெண்ட் பூசாமல் நட்ட பலகையைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். மண் நிரப்பும்போது வெளிப்புறம் சாயாதிருக்க, இவ்வூர் வேலிகளில் நடுவது போன்ற குட்டைக் கற்கால்களை மூலைகளிலும் நீள்பக்கத்தின் நடுவிலும் முட்டுக் கொடுத்தால் போதும்.