'லைன்' எப்படி 'லேண்ட்' ஆகும்?

"சிலபஸே முடியல, இதுல விளையாட்டு வேறயா?" ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலப் பாடத்தைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாமே என்று பேச்செடுத்தால் வருகிற பதில் இது. நாங்களும் தரம் 6 முதல் 9 வரை கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதியே வளர்ந்தவர்கள்தான். கொப்பி அழகா இருந்துச்சு. வாயத் தொறந்தா ஒரு வார்த்தை வரல.

சொல் விளையாட்டு நமக்கென்ன புதுசா? ஆங்கிலமே படிக்காத நம்ம பாட்டன்மார் துரைமாரின் 'லைன்'ஐ லயம் ஆக்கினார்கள். 'பரேட்' பிரட்டு ஆனது, 'கொன்ட்ராக்ட்' கொந்தரப்பு ஆனது. பதிலுக்கு நம்ம கங்காணி ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார். முதல் பாடத்துக்கு இதுவே போதும்.

எடைக்கும் 'வெயிட்', காத்திருப்பதற்கும் 'வெயிட்'. ஒலி ஒன்று, எழுத்து வேறு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்குத் தினமும் இரண்டும்தான். இதை வைத்து ஒரு பகிடி எழுதிய பிள்ளை அந்த ஸ்பெல்லிங்கை மறக்குமா? 'லீவ்ஸ்' என்றால் இலைகள். விட்டுப் போகிறான் என்பதற்கும் அதே எழுத்துகள்தான். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அண்ணனைப் பற்றி 'பிரதர் லீவ்ஸ் த லீவ்ஸ்' என்று எழுத தரம் 7 பிள்ளையால் முடியும்.

ஒக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல் 1877இல் ஒரு விளையாட்டை உருவாக்கினார். ஒரு தடவைக்கு ஒரே எழுத்தை மாற்றி, ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்கணும். நடுவில் வருவதும் அர்த்தமுள்ள சொல்லாக இருக்கணும். 'லைன்'இல் 'ஐ'யை எடுத்து 'ஏ' போட்டால் 'லேன்', ஒழுங்கை. கடைசி 'ஈ'க்குப் பதில் 'டி' போட்டால் 'லேண்ட்', காணி. லயத்திலிருந்து காணிக்கு இரண்டே எழுத்து! இதைக் கண்டுபிடித்த வகுப்பு ஸ்பெல்லிங்கோடு நிற்காது. 1823இல் வந்தவர்களின் வாரிசுகள் ஏழு பேர்ச் காணிக்கும் உறுதிக்கும் ஏன் இன்னும் அலைகிறார்கள் என்று கேட்கும். கேட்கட்டுமே.

ஆசிரியர் பற்றாக்குறையை விளையாட்டு தீர்க்காது, ஒத்துக்கொள்கிறோம். ஓ.எல். பேப்பரில் பகிடி வராது என்பதும் சரி. ஆனா ஸ்பெல்லிங் வரும், வாக்கியம் வரும். ஹட்டன் டவுனில் ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாசுக்குக் காசு கட்ட முடிந்த பிள்ளைக்குச் சிரித்துப் பேசிப் பழக ஓர் இடம் இருக்கிறது. அரைப் பேர் விழுந்த மாசத்தில் ஓர் அம்மா அந்தக் காசுக்கு எங்கே போவார்? அதனால்தான் வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பாடசாலையிலேயே கேட்கிறோம். செலவு ஒரு வெண்கட்டி.

வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் இன்றிரவே 'லைன்', 'லேண்ட்' இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். நடுச்சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.