கறுப்பு மருதாணி எனும் பொய்

பெருநாள் நெருங்கும்போது கடைவீதிகளில் மருதாணி கோன்கள் குவிகின்றன. அரை மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் என்று கூவி விற்கிறார்கள். நாமும் வாங்கிப் பிள்ளைகளின் கைகளில் இடுகிறோம். எனவே ஒன்றை உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: கறுப்பு மருதாணி என்று ஒரு பொருளே இல்லை.

மருதாணி இலையிலுள்ள சாயப்பொருள் லாசோன். அது தோலுக்குச் செம்பழுப்பு நிறத்தையே தரும். அதுவும் உடனே அன்று. பல மணி நேரம் கையில் இருக்க வேண்டும். உதிர்த்ததும் இளஞ்செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாட்களில்தான் ஆழ்ந்து சிவக்கும். விரைந்து கறுக்கும் குழம்பில் பெரும்பாலும் கலந்திருப்பது பாரா ஃபீனைலீன் டையமின் எனும் செயற்கைச் சாயம். தலைமுடியில் பூசும் கலவையிலேயே அது 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். தோலில் நேரடியாக இட அங்கும் அனுமதியில்லை, அமெரிக்காவிலும் அனுமதியில்லை. கொப்புளமும் நீங்காத தழும்பும் அதனால் விளைகின்றன.

"சென்ற பெருநாளிலும் இட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பர் சிலர். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். முதல் முறை உடல் அமைதியாக இருக்கலாம். அடுத்த முறை சீறலாம். ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்; பிற்காலத்தில் முடிச்சாயம் பட்டாலும் முகம் வீங்கக்கூடும்.

மார்க்கம் நிறத்தை வெறுக்கவில்லை. அதற்கு நெறி வகுத்தது. மக்கா வெற்றியின்போது, முதியவரான அபூ குஹாஃபா (ரலி) அவர்களின் நரையை மாற்றுமாறும், கருமையைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவருடைய மைந்தர் அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியோடு கதம் எனும் செடியைச் சேர்த்துச் சாயமிட்டார்கள். நம் மூதாட்டியரோ இலையை அம்மியில் அரைத்து, இரவெல்லாம் கையில் வைத்து, விடிந்தபின் நிறம் பார்த்தனர். அந்தப் பொறுமையே அவர்களின் கைத்திறன். அதை விற்றுத்தான் நாம் கருமையை வாங்குகிறோம்.

உண்ணும் இறைச்சி ஹலாலா என்று நுணுகி விசாரிக்கும் நாம், பிள்ளையின் கையில் அப்பும் குழம்பில் என்ன இருக்கிறது என்று ஏன் கேட்பதில்லை? இலை கிடைத்தால் அரைத்து இடுவோம். கோன் வாங்கினால் உட்பொருள்களைக் கேட்போம். விடை கிடைக்காவிடில் வாங்காமல் திரும்புவோம். பிள்ளைகளின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.