இலையைக் காணோம்

சொதிச் சோறும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் அந்தரத்தில் நின்றன. பின்னால் குற்றாலம் பேரருவி கொட்டிக்கொண்டிருந்தது. "என்னய்யா இது, இலையக் காணோம்?" என்றாள் அம்மா. பச்சைத் துணியோடு வாழை இலையையும் சேர்த்து விழுங்கியிருந்தது செல்போன்.

மறுவீட்டுச் சொதியை அம்மா வைக்கும் பக்குவத்தை வீடியோவாக எடுத்து வைக்க வேண்டும் என்று அக்கா மகனுக்கு ஆசை. இலத்தூர் வீட்டு அடுப்படிச் சுவரில் கரி ஏறிக் கிடக்கிறது. அதை மறைக்க அருவியை வைக்கலாம் என்றது நான்தான். பின்னால் பச்சைத் துணி கட்டி எடுத்தால், செல்போன் அந்தப் பச்சையை அழித்துவிட்டு அங்கே அருவியை வைத்துவிடும். தென்காசி ஜவுளிக்கடையில் மினுமினுப்பில்லாத கிளிப்பச்சைக் காட்டன் மூன்று மீட்டர் கேட்டேன். "பாவாடைக்கா, லைனிங்குக்கா?" என்றார் கடைக்காரர். அருவிக்கு என்று எப்படிச் சொல்வது?

பச்சைக்குக் காரணம் இருக்கிறது. நம் தோலில் அந்த நிறம் கிடையாது. அதோடு, கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்குப் போய்விடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். ஆகவே, பச்சை எங்கே முடிகிறது என்று கேமராவுக்கு நன்றாகத் தெரியும். ஃபிலிம் காலத்தில் நீலம்தான் ராஜா. 1940-ல் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் நீலத்திரையை வைத்துத்தான் பூதத்தைப் பறக்கவிட்டார்.

எங்களுக்குச் சிக்கல் வெளிச்சத்தில் வந்தது. அடுப்படி டியூப்லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்ததும் பட்டை போனது, துணியின் நிழல்கள் போகவில்லை. பிறகுதான் வெளியே தார்சாவுக்கு இடம் மாறினோம். சாரல் காலம். வானம் முழுக்க மேகம், எங்கும் ஒரே சீரான வெளிச்சம். ஸ்டூடியோக்காரர்கள் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்குவதை மேற்கு மலை எங்களுக்கு இனாமாகக் கொடுத்தது.

ஆனால் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் கூடவே வருமே! துணி படகுப்பாய் மாதிரி உப்பியது. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல்; ஒவ்வொரு நிழலும் வேறொரு பச்சை. மேலே துணிக்கிளிப் போட்டு, கீழே ஆட்டுரல் குழவியைத் தூக்கி வைத்தோம். இடையில் வெயில் எட்டிப் பார்த்தால் செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தது. திரையை அழுத்திப் பிடித்து அதைப் பூட்ட வேண்டும் என்று நாலாவது நாள்தான் தெரிந்தது. அம்மாவைத் துணியை ஒட்டி உட்கார வைத்திருந்தோம். அவள் நரையெல்லாம் பாசி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. ஆறடி முன்னால் நகர்த்தினோம், பாசி போனது.

ரோஜா படத்து நாயகியின் ஊரான சுந்தரபாண்டியபுரம் எங்களுக்குப் பக்கம்தான். பச்சையைப் படம் பிடிக்க ஊர் ஊராக ஆட்கள் வந்த சீமையில் நான் பச்சையை அழிக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

இலைக்காக நீலத் துணிக்கு மாறினோம். அன்றைக்குப் பார்த்து அம்மா மயில்கழுத்துச் சேலையில் வந்து உட்கார்ந்தாள், படத்துக்கென்று பெட்டியிலிருந்து எடுத்தது. மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பேரன்தான் சொன்னான்: "ஆச்சி, இதக் கட்டுனா தலையும் கையும்தான் தெரியும்." அரக்குச் சேலைக்கு மாறி வந்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

இம்முறை இலை இருந்தது, சொதி இருந்தது, அருவியும் விழுந்தது. அம்மா இரண்டு தடவை பார்த்தாள். "அருவி இவ்வளவு பக்கத்துல விழுது, இரைச்சலே இல்லையே?"

சத்தத்தைப் பிடித்துவர அக்கா மகன் ஐந்தருவிக்குப் போயிருக்கிறான். குடை எடுத்துக்கொண்டு போகவில்லை.