லீவு கணக்கில் ஓர் அமெரிக்க லொள்ளு!

இன்டர்ன்ஷிப்னா ஏசி ரூம்ல உட்கார்ந்து ஏ.ஐ. பண்றதுன்னு கனவு காணாதீங்க. என் கையில் கொடுத்தது ஒரு பழைய ஆக்சஸ் ஃபைல். நாற்பது ஊழியர்களின் லீவுக் கணக்கு அதில்தான் ஓடுது. புரோகிராம் எழுதினவர் எப்பவோ வேலையை விட்டுப் போயாச்சு.

மேட்டர் இதுதான். ஸ்டோர்ஸ் அக்கா மே 6-ம் தேதி லெட்டர் கொடுத்துத்தான் லீவு எடுத்தார். ஆனால் ஒருநாள் சம்பளம் கட்! அதுவும் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற நேரத்துல. கேட்டால், "கம்ப்யூட்டர்ல லீவே இல்லையேம்மா" என்று பதில்.

கோடைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டது. நாம 06/05 என்று அடித்தால் அது மே 6. ஆனால் எஸ்.க்யூ.எல். வரிக்குள் இரண்டு ஹேஷ் குறிகளுக்கு நடுவே போகும் தேதியை, ஆக்சஸ் அமெரிக்க ஸ்டைலில் மாதம் முதலில் என்று படிக்கும். ஆக, அக்காவின் லீவு ஜூன் 5-ல் போய் உட்கார்ந்துவிட்டது!

இதுல செம காமெடி, 14/05 என்று கொடுத்தால் சரியாகப் பதிவாகும். 14-வது மாதம் கிடையாதே, அதனால் ஆக்சஸே சத்தமில்லாமல் மாற்றிப் படித்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் வில்லங்கம். யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் அதுதான்.

மருந்து? முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கணும். அப்புறம் 'ஃபார்மேட்' ஃபங்ஷன் போட்டு வருஷம்-மாசம்-நாள் என்ற வரிசையில் தேதியை அனுப்பணும். குழப்பமே வராது.

அடுத்து 'டேட்டிஃப்'. திங்கள் முதல் புதன் வரை லீவு என்றால் 3 நாள். டேட்டிஃப் 2 என்று சொல்லும், 1 கூட்டணும். ஞாயிறைக் கழிக்கணும். விடுமுறைகளைக் கோடுக்குள் எழுதாமல் தனி டேபிளில் போடுங்க. தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. வருஷாவருஷம் கோடைத் திருத்த யார் வருவா?

கோடைச் சரி பண்ணினால் பழைய பதிவுகள் தானாகத் திருந்தாது. நாள் 12-க்குள் இருக்கும் வரிகளை மட்டும் பிரித்து, லீவு லெட்டர் கட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இரண்டு நாள் தூசி! அக்காவுக்கு மட்டுமில்லை, இன்னும் மூன்று பேருக்கும் பிடித்த பணம் திரும்பி வந்தது.

உங்க மினி புராஜெக்ட்ல தேதி இருக்கா மக்களே? டெஸ்ட் பண்ணும்போது 25-ம் தேதியை மட்டும் போட்டுப் பார்த்து, 'ஓகே'ன்னு ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிடாதீங்க. 6-ம் தேதியையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!