மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

காலை ஆறே கால் மணிக்கு என் மாமியார் பூன் லே பிளேஸ் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். மீன் அப்போதுதான் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. சில மாதங்களுக்கு முன்பு திடீரென்று போவதை நிறுத்திவிட்டார். முட்டி வலி என்றார். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது.

“பின்னாடி மணி அடிச்சா எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு தெரியலம்மா. நான் இடப்பக்கம் நகர்ந்தா அவனும் அதே பக்கம் வர்றான்.”

ஒருநாள் கைப்பிடி உரசி, காய்கறிப் பையோடு புதரில் சாய்ந்திருக்கிறார். பெரிய காயம் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது.

அத்தை சைக்கிளைக் கண்டாலே மிரள்கிற ஆள் இல்லை. புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததே, அதில் கற்றவர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். ஊரார் கேலி பேச, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டியிருக்கிறார். அந்தப் பாரில் உட்கார்ந்து வந்த பிள்ளைதான் இன்று என் கணவர்.

அதனால்தான் எங்கள் புளோக்கில் சிலர் கூடி, “நடைபாதையில் சைக்கிளே கூடாது என்று எழுதிக் கொடுப்போம்” என்றபோது, முதலில் மறுத்தவர் அவரே. “ஓட்டுறவங்க கிட்ட கேட்டீங்களா?” என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை.

நான் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அத்தைதான் கேட்டார். விடியற்காலையில் அந்தப் பாதையில் போவோரில் பாதிப் பேர் நம் ஊர்ப் பிள்ளைகள். ஜாலான் பூன் லே வழியாகத் தெற்கே தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அறந்தாங்கித் தம்பி ஒருவரை நிறுத்தி, “ஏம்பா, ரோட்டுல போகக்கூடாதா?” என்றிருக்கிறார்.

“போகலாம்மா. லாரி இடிக்கிற மாதிரி ஒட்டி வரும். ஊர்ல புள்ள இருக்கு” என்றாராம் அவர்.

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு காலத்தில் எங்குமே குற்றம். தெம்பனிஸ்தான் முதலில் மாற்றியது. 2007ல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, தொண்டூழியர்கள் பாதையில் நின்று ஓட்டுவோருக்கும் நடப்போருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லி, 2010 மார்ச்சில் அது அங்கே சட்டபூர்வமானது. மூன்று ஆண்டுகள்! 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டம் அந்த அனுமதியைத் தீவு முழுவதற்கும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைபாதை வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைந்தது. மெல்ல ஓடுகிற மனிதரின் வேகம்தான் அது. நவம்பரில் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் தடை வந்தது. 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதையை ஒட்டிப் ‘பாதசாரிகளுக்கு மட்டும்’ என்று குறிக்கப்பட்ட பாதைகளில் சைக்கிள் கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

நல்ல விதிதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது வேலை செய்வது பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில். சிவப்புப் பாதை பாதியில் முடிந்துபோகும் இடத்தில் அத்தையும் அறந்தாங்கித் தம்பியும் அதே ஒன்றரை மீட்டர் நடைபாதையில்தான் சந்தித்தாக வேண்டும். 2030க்குள் தீவு முழுவதும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது திட்டம். அதில் எந்த இடைவெளியை முதலில் அடைப்பது என்று யார் சொல்வது? கருத்துக் கேட்கும் கூட்டம் சமூக மன்றத்தில் வார நாள் இரவில் நடக்கும். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் தம்பி அங்கே எப்படி வருவார்?

எனவே ஒரு ஞாயிறு மாலை ஏழு பேர் நடந்தோம். எங்கள் புளோக்கிலிருந்து நால்வர், அறந்தாங்கித் தம்பி, அவருடைய அறை நண்பர்கள் இருவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எட்டு இடங்கள் குறித்தோம். பேருந்து நிறுத்தத்தின் பின்னால் பாதை குறுகும் இடம். புதர் வளர்ந்து திருப்பம் மறைக்கும் இடம். வழிந்தோடும் நீரில் பாசி பிடித்து டயர் வழுக்கும் ஓரிடம். அதை எங்களில் ஒருவர்கூட இதுவரை கவனித்ததில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இரவில் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். மூன்று சைக்கிள்களில் ஒன்றில்தான் இரண்டும் இருந்தன. “வாங்கினா திருட்டுப் போயிடுதுக்கா” என்றார் ஒருவர். கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் சின்ன விளக்குகளை மறுவாரம் என் கணவர் வாங்கிக் கொடுத்தார். பாரில் உட்கார்ந்து வந்த கடன்!

எட்டு இடங்களையும் படமெடுத்து, ‘சைக்கிளைத் தடைசெய்க’ என்ற வரியை அடித்துவிட்டு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் புதர் வெட்டப்பட்டது. பாசி கழுவப்பட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மூன்று மாதமாகப் பரிசீலனையில்தான் உள்ளது. மற்ற ஐந்துக்குப் பதிலே இல்லை. மறுபடி எழுதியிருக்கிறோம்.

அத்தை இப்போது சந்தைக்குப் போகிறார். தம்பிகள் மணி அடித்துவிட்டு “வலப்பக்கம் வர்றேம்மா” என்று குரலும் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் கொடுப்பதில்லை, அப்போதெல்லாம் அவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

வரும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு இன்னொரு முறை நடக்கிறோம். பகல் வெளிச்சத்தில் பார்த்தது போதாது என்று சொன்னவர் அறந்தாங்கித் தம்பி. அத்தை அதற்கென்று ஒரு டார்ச் வாங்கி வைத்திருக்கிறார்.